மைதானத்துக்கு விலை வைத்தது யார்?

ஒரு மணி நேரம் பந்து விளையாட எவ்வளவு கொடுக்கலாம்? பத்து ரூபாய்? ஐம்பது ரூபாய்? நூற்று இருபது ரூபாய்? இல்லை, ஒரு பைசாவும் கொடுக்கக் கூடாதா?

கேள்வி சின்னதுதான். ஆனால் 2024 அக்டோபர் கடைசி வாரத்தில் சென்னை மாநகராட்சியை இரண்டு நாள் படாதபாடு படுத்தியது இந்தக் கேள்விதான். மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பது, ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்குவது, அதில் 40 சதவீதம் மாநகராட்சிக்குப் பங்கு என்று மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. தீபாவளிக்கு இரண்டே நாள் இருந்த நேரம். வடசென்னைப் பையன்களும் பெற்றோர்களும் கட்சிகளும் கொதித்து எழுந்தார்கள். தீர்மானம் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. மைதானங்கள் பழையபடி இலவசம் என்று அறிவிப்பு வந்தது.

செய்தி அதோடு முடிந்துவிட்டது. ஆனால் கேள்வி முடியவில்லை. உள்ளாட்சி அமைப்புகள் விளையாட்டு இடங்களுக்குக் கட்டணம் வைப்பது எப்போது ஆரம்பித்தது? எந்தக் கணக்கில் வைக்கிறார்கள்? நாளைக்கு இதே தீர்மானம் திருவள்ளூருக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

முதல் சண்டை 1686-ல்

"கட்டணம் போட்டால் மக்கள் எதிர்ப்பார்கள்" என்பது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி வீட்டு வரி போட முயன்றபோது, 1686-லேயே கறுப்பர் நகரத்து மக்கள் கடையை அடைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். லண்டனில் உட்கார்ந்திருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டு யோசித்தார். நாம் போடும் வரியைத்தானே எதிர்க்கிறார்கள், அவர்களையே ஒரு சபையாக உட்காரவைத்து அவர்களே வரி போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால்?

1687-ல் சாசனம் வந்தது. 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி தொடங்கியது. ஒரு மேயர், 12 ஆல்டர்மென், 60 பர்ஜஸ்கள். டவுன் ஹால், பள்ளிக்கூடம், சிறை எல்லாம் நகரத்தார் தரும் வரியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பெரிதாக வசூல் ஆகவில்லை என்பது வேறு விஷயம்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னை மாநகராட்சி பிறந்ததே "வரியை யார் தீர்மானிப்பது" என்ற பிரச்சினையில்தான். மன்றம் என்றாலே, காசு கொடுப்பவர்களும் காசைத் தீர்மானிப்பவர்களும் ஒரே கூட்டத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம். இந்த எண்ணத்தைக் கடைசி வரைக்கும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

ஒரு பென்னி குளியல்

விளையாட்டு, உடல்நலம் சம்பந்தப்பட்ட பொது இடங்களுக்கு உள்ளாட்சி எவ்வளவு வாங்கலாம் என்று சட்டம் போட்டே சொன்ன பழைய உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1846-ல் அங்கே பொதுக் குளியலறைகள், சலவைக் கூடங்கள் பற்றி ஒரு சட்டம் வந்தது. காலரா பயம் நிறைந்த காலம். தொழிற்சாலை நகரங்களில் ஏழைகள் குளிக்க வசதியில்லை. உள்ளாட்சிகளே பொதுக் குளியலறை கட்டலாம் என்றது சட்டம்.

சுவாரசியம் இதற்கு மேல்தான் ஆரம்பம். தொழிலாளர் வகுப்புக் குளியலுக்கு, பச்சைத் தண்ணீர் என்றால் ஒரு பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது. வெந்நீர் என்றால் இரண்டு பென்னிக்கு மேல் கூடாது. துண்டும் அதிலேயே சேர்த்தி! வசதி உள்ளவர்களுக்கு உயர் வகுப்புக் குளியல் வைத்து அதிகம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உயர் வகுப்புத் தொட்டிகள் எத்தனையோ, அதைப் போல இரண்டு மடங்காவது தொழிலாளர் வகுப்புத் தொட்டிகள் இருக்க வேண்டும்.

பாருங்கள், மூன்று விதிகள். விலைக்கு உச்சவரம்பு. வசதி உள்ளவரிடம் கூடுதலாக வாங்கி மற்றவருக்கு ஈடுகட்டுவது. லாபம் வருகிறது என்று எல்லாத் தொட்டியையும் உயர் வகுப்பாக மாற்றிவிடாமல் இருக்க எண்ணிக்கைக் கட்டுப்பாடு. இந்தக் குளியல் சட்டம்தான் பின்னால் நீச்சல் குளங்களுக்கு வழிவிட்டது. 1878-ல் திருத்தம் வந்து, உள்ளாட்சிகள் கூரை போட்ட நீச்சல் குளம் கட்ட அனுமதி கிடைத்தது.

இதே இங்கிலாந்தில் 1980-களின் கடைசியில் காற்று மாறி அடித்தது. உள்ளாட்சி விளையாட்டுக் கூடங்களை நிர்வகிக்கும் வேலையைக் கட்டாயம் போட்டி டெண்டருக்கு விட வேண்டும் என்று 1989-ல் உத்தரவு வந்தது. பிறகு 2009-ல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் இலவச நீச்சல் திட்டம் கொண்டுவந்தார்கள். 2010-ல் ஆட்சி மாறியதும், சிக்கனம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஒரே நாட்டில் ஒரு பென்னி, டெண்டர், இலவசம், மறுபடி கட்டணம் என்று சக்கரம் சுற்றி வந்திருக்கிறது. இதற்கு "சரியான விலை" என்று ஒன்று வானத்திலிருந்து விழுவதில்லை. காலத்துக்குக் காலம் மனிதர்கள் முடிவு செய்வதுதான்.

மதராஸின் மைதானங்கள்

நம்ம ஊருக்கு வருவோம். 1859-60-ல் கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் சென்னை சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் உருவானது. நூறு ஏக்கருக்கு மேல் பரப்பு. பெயரே மக்கள் பூங்கா! மூர் மார்க்கெட் வந்ததும் அங்கேதான். மாநகராட்சி ஸ்டேடியம் வந்ததும் அங்கேதான்.

மாநகராட்சி ஸ்டேடியம் என்றால் இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்களே, அது இங்கேதான். அந்த உலக சாதனை 2008 வரை, 52 வருஷம் நின்றது. ஒரு மாநகராட்சிக்குச் சொந்தமான மைதானத்தில் உலக சாதனை! 1960-களின் நடுவில் டெஸ்ட் போட்டிகள் மறுபடி சேப்பாக்கத்துக்குப் போயின. 1993-ல் அந்த இடத்தில் பழையதை இடித்துப் புதிய நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. அது இப்போது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. அந்த ஆணையம் 1992-ல் அமைக்கப்பட்டது.

இந்த மாற்றம் முக்கியம். பெரிய ஸ்டேடியங்கள் மாநில அரசின் ஆணையத்திடம் போயின. மாவட்டத் தலைநகரில் இருக்கும் விளையாட்டரங்கங்களுக்குக் கட்டணம் வைப்பது அந்த ஆணையம். உள்ளாட்சியிடம் மிஞ்சியது தெரு முனையில் இருக்கும் திடல், பூங்கா ஓரத்து இறகுப்பந்து மைதானம், உடற்பயிற்சிக் கூடம். அதாவது, ஒலிம்பிக் போகிறவருக்கு மாநில அரசு. சாயந்திரம் விளையாடப் போகிறவருக்கு உள்ளாட்சி. ஆள் எண்ணிக்கையில் பார்த்தால் யாருடைய வேலை பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

வரியா, கட்டணமா, வாடகையா?

சட்டம் கொஞ்சம் பார்ப்போம். போரடிக்கும் என்று தாண்டிப் போய்விடாதீர்கள், விஷயம் இங்கேதான் இருக்கிறது.

அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 33-வது இனம் விளையாட்டு. 5-வது இனம் உள்ளாட்சி. 66-வது இனம், அந்தப் பட்டியலில் உள்ள விஷயங்களுக்கான கட்டணங்கள். 1992-ல் நிறைவேறி 1993-ல் அமலுக்கு வந்த 74-வது திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் போன்ற நகர்ப்புற வசதிகளை நகராட்சிகளின் வேலையாகவே எழுதி வைத்தது. அதற்கு முன்பே 1959-ல் தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டு இடங்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது. தன் எல்லைக்குள் எந்தெந்த மைதானம் இருக்கிறது என்று உள்ளாட்சி பட்டியல் எடுத்து வைக்க வேண்டும் என்கிறது அது. எத்தனை ஊரில் அந்தப் பட்டியலை மக்கள் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்!

இனி வரிக்கும் கட்டணத்துக்கும் என்ன வித்தியாசம்? இதற்குத் தெளிவான பதில் சொன்ன வழக்கு மதராஸிலிருந்துதான் போனது. 1951-ஆம் வருஷத்து மதராஸ் இந்து அறநிலையச் சட்டத்தின்படி மடங்களிடம் வசூலித்த பணம் வரியா கட்டணமா என்று சிரூர் மடம் வழக்குப் போட்டது. 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வரி என்பது பொதுச் செலவுக்காக வாங்குவது, கொடுப்பவருக்கு நேரடியாக எதுவும் திரும்பி வர வேண்டியதில்லை. கட்டணம் என்பது ஒரு சேவைக்குப் பதிலாக வாங்குவது. வாங்கிய பணம் பொதுக் கஜானாவில் கலந்து காணாமல் போனால் அது கட்டணம் என்ற பெயரில் இருக்கும் வரி. பிறகு 1983-ல் ஆந்திர மார்க்கெட் கட்டண வழக்கில் இதைச் சற்றுத் தளர்த்தினார்கள். பைசா சுத்தமாகக் கணக்கு ஒத்துப்போக வேண்டியதில்லை, ஒரு நியாயமான தொடர்பு இருந்தால் போதும் என்றார்கள்.

மைதானத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி, மார்க்கெட் கடை மாதிரி, "இது எங்கள் சொத்து, வாடகை கொடு" என்றும் உள்ளாட்சி சொல்லலாம். "பராமரிப்புச் செலவுக்குக் கட்டணம்" என்றும் சொல்லலாம். "நீங்கள் கட்டிய வரியில்தான் கட்டினோம், சும்மா விளையாடுங்கள்" என்றும் சொல்லலாம். மூன்றும் மூன்று மனோபாவம். முதலாவது வீட்டுச் சொந்தக்காரர். இரண்டாவது சங்கத்துப் பொருளாளர். மூன்றாவது ஊர்ப் பெரியவர்.

ஏலம் என்ற பழக்கம்

நம் உள்ளாட்சிகளுக்குக் கட்டணம் வசூலிக்க ஒரு பழகிய வழி இருக்கிறது. ஏலம்! பேருந்து நிலையத்தில் வண்டி நுழைவுக் கட்டணம், வாரச் சந்தை, சைக்கிள் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பறை, ஏரி மீன், ரோட்டோரப் புளியமரம்... எல்லாமே குத்தகைதான். அதிகம் கேட்டவர் மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு, பிறகு மக்களிடம் வசூலித்துக்கொள்வார்.

இதில் உள்ளாட்சிக்கு நிம்மதி. ஆள் போட வேண்டாம், ரசீது புத்தகம் வேண்டாம், வருஷ ஆரம்பத்திலேயே பணம் வந்துவிடும். புளியமரத்துக்கு இது சரிதான். புளி யார் பறித்தாலும் புளிதான். ஆனால் மைதானம் புளியமரம் இல்லையே! குத்தகைக்காரருக்கு நேற்று வந்த பத்துப் பையன்களும் ஒன்றுதான், ஒரு கம்பெனி நடத்தும் போட்டியும் ஒன்றுதான். எது அதிகம் தருகிறதோ அதற்குத்தான் சாயந்திரம் ஆறு மணி.

2024-ல் சென்னையில் வந்த தீர்மானமும் இந்தக் குத்தகைப் பழக்கத்தின் புது வடிவம்தான். மொத்தத் தொகைக்குப் பதில் வருமானத்தில் பங்கு, அவ்வளவுதான். வியாசர்பாடியைக் "குட்டி பிரேசில்" என்று சொல்கிறார்கள். அங்கே வளர்ந்த பையன்கள் டிக்கெட் வாங்கிக் கால்பந்து கற்றவர்கள் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் போடுகிற மாதிரி ஒரு கணக்குப் போடலாம். எண்கள் கற்பனை. வழிமுறைதான் முக்கியம்.

ஒரு செயற்கைப் புல் மைதானம். காவலாளி, விளக்கு மின்சாரம், சுத்தம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 6 லட்சம் ரூபாய். புல்விரிப்பை 8 வருஷத்துக்கு ஒருமுறை 30 லட்சம் செலவில் மாற்ற வேண்டும். அதற்குத் தேய்மானம் வருஷத்துக்கு 3 லட்சத்து 75 ஆயிரம். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம். வருஷத்தில் 300 நாள், தினம் 6 மணி நேரம் ஆட்டம் என்றால் 1,800 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குச் செலவு சுமார் 542 ரூபாய். பத்துப் பேர் விளையாடினால் ஆளுக்கு 54 ரூபாய். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இப்போது நிர்வாகத்தை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, வசூலில் 40 சதவீதம் உள்ளாட்சிக்கு என்று வைப்போம். லாபத்தில் 40 சதவீதம் இல்லை, வசூலில்! அவர் கையில் நிற்பது ரூபாய்க்கு 60 பைசா. 54 ரூபாய் செலவை எடுக்கவே ஆளுக்கு 90 ரூபாய் வாங்கியாக வேண்டும். அதற்கு மேல்தான் அவருடைய லாபம். அதாவது உள்ளாட்சி கேட்கும் பங்கே விலையை 54-லிருந்து 90-க்கு ஏற்றிவிடுகிறது. பங்கு யாருடைய பையிலிருந்து வருகிறது என்று புரிகிறதா?

இன்னும் ஒரு படி. விலை ஏறியதும் பாதிப் பையன்கள் வராமல் போனார்கள் என்று வையுங்கள். ஆட்டம் 900 மணி நேரமாகக் குறையும். செலவு பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் காவலாளி சம்பளமும் தேய்மானமும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும். ஆளுக்குச் செலவு 108 ஆகும். 40 சதவீதப் பங்கோடு சேர்த்தால் 180! விலை ஏற ஏற ஆள் குறையும், ஆள் குறையக் குறைய விலை ஏறும்.

இன்னொரு உண்மையும் உண்டு. காலியாகக் கிடக்கும் ஒரு மணி நேரத்தை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. அது தயிர் மாதிரி கூட இல்லை, புளிக்கக் கூட நேரம் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்குக் காலியாக இருக்கும் மைதானத்தில் பள்ளிக்கூடப் பையன்களைச் சும்மா விட்டால் உள்ளாட்சிக்கு ஏறக்குறைய எந்தக் கூடுதல் செலவும் இல்லை. கூட்டம் மோதும் இரவு ஏழு மணிக்கு, விளக்குப் போட்டு விளையாடும் பெரியவர்களிடம் வாங்கலாம். 1846-ல் சொன்ன இரண்டு வகுப்புக் குளியல் மாதிரிதான் இதுவும்.

அப்படியானால் இலவசமே சரியா? அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இலவசம் என்று சொல்லிவிட்டுப் பராமரிப்புக்கு நிதியும் ஒதுக்காவிட்டால், மூன்றாவது வருஷம் புல் கிழியும், நாலாவது வருஷம் விளக்கு எரியாது, ஐந்தாவது வருஷம் யாரோ வண்டி நிறுத்துவார்கள். கட்டணம் இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தம் இல்லை. வேறு யாரோ கட்ட வேண்டும் என்று அர்த்தம்.

கும்மிடிப்பூண்டிக்கு வந்தால்?

சென்னையிலிருந்து வடக்கே, சுமார் 45 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி. கொல்கத்தா போகும் ஜி.என்.டி. ரோடு, புறநகர் மின்சார ரயில், சிப்காட் தொழிற்பேட்டை, தாண்டினால் ஆந்திர எல்லை. 1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. கும்மிடிப்பூண்டி பேரூராட்சி. சுற்றியிருக்கும் ஊர்கள் கிராம ஊராட்சிகள்.

இந்தக் கிராமங்களுக்கு விளையாட்டு இடம் வந்த கதை எல்லாம் அரசுத் திட்டங்களின் கதை. 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகம், குளம், சுடுகாட்டோடு சேர்த்து விளையாட்டு மையமும் இருந்தது. 2016-ல் 500 ஊராட்சிகளில் அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக் கூடம் என்று அறிவித்தார்கள். அடுத்து 12,524 ஊராட்சிகளுக்கும் 528 பேரூராட்சிகளுக்கும் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2024-ல் கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட். ஆட்சிக்கு ஒரு பெயர்! கட்டவும் வாங்கவும் மேலிருந்து பணம் வருகிறது. ஆனால் அதற்குப் பிறகு வரும் பத்து வருஷம் வலை மாற்றுவதும் புல் வெட்டுவதும் பல்பு போடுவதும் ஊராட்சியின் தலையில். அப்போதுதான் "ஏலம் விட்டால் என்ன?" என்ற யோசனை வரும்.

சரி, அந்த 120 ரூபாயை இங்கே கொண்டுவந்து பார்ப்போம். 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவர் ஒரு மணி நேரம் விளையாடினால் 240 ரூபாய். அம்மாவின் ஒரு நாள் கூலியில் முக்கால் பங்கு!

சிப்காட் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் வேலை செய்யும் இடத்து உள்ளாட்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி கட்டுகிறார். சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு அந்த வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதே தொழிலாளி வாரம் இரண்டு நாள், 120 ரூபாய் வீதம் வருஷம் முழுக்க விளையாடினால் 12,480 ரூபாய். அரசியல் சட்டமே 2,500-க்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப்போட்ட ஓர் உள்ளாட்சி, கட்டணம் என்ற வாசல் வழியாக அதைப் போல ஐந்து மடங்கு வாங்க முடியும். வரிக்கு உச்சவரம்பு உண்டு. கட்டணத்துக்கு? அங்கே 1846-லேயே வைத்தார்கள்.

"உள்ளூர்வாசிக்குச் சலுகை" என்று ஒரு வழி சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கும்மிடிப்பூண்டியில் உள்ளூர்வாசி யார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷெட்டில் தங்கி ஷிப்ட் பார்க்கும் இளைஞன் வரி கட்டுகிறான், வாக்காளர் பட்டியலில் இல்லை. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-ல்தான் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பையன் எந்த முகவரிச் சான்றைக் காட்டுவான்? ஆதாரைப் பார்த்துச் சலுகை கொடுக்க ஆரம்பித்தால், அதிகம் தேவைப்படுகிறவர்களே வெளியே நிற்பார்கள். வயதைப் பார்த்தோ நேரத்தைப் பார்த்தோ சலுகை கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

இன்னொரு பக்கம், இது தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதன் ஏழாவது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. பையனிடம் 120 ரூபாய் கேட்பதற்கு முன் இந்தக் கதவைத் தட்டியாகிவிட்டதா என்று ஊர்க்காரர்கள் கேட்கலாம். ஆனால் அதிலும் ஜாக்கிரதை வேண்டும். கம்பெனி போட்டுக் கொடுத்த மைதானம் ஊராட்சியின் பெயரில் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீர்மானிக்கும் கை

1688-ல் ஆரம்பித்த எண்ணத்தை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னது இதற்குத்தான். காசு கொடுப்பவரும் தீர்மானிப்பவரும் ஒரே கூட்டத்தில் இருக்க வேண்டும்.

சென்னையில் 2024-ல் தீர்மானம் ஏன் அவ்வளவு சீக்கிரம் திரும்பியது? ஒரு காரணம், அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது. மேயர் இருந்தார், கவுன்சிலர்கள் இருந்தார்கள். மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்க ஒரு முகவரி இருந்தது. எதிர்த்துப் பேசவும் மன்றத்துக்குள்ளேயே ஆள் இருந்தது.

கிராம ஊராட்சிகளில்? 2016-ல் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் தேர்தல் வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தனி அலுவலர்கள்தான். அந்தத் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. திருவள்ளூர் உட்பட 28 மாவட்டங்களில் மறுபடி தனி அலுவலர்கள். அலுவலர் நல்லவராக இருக்கலாம், திறமைசாலியாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த தேர்தலில் அவரிடம் கேட்க முடியாது. அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார். மன்றம் இல்லாத நாளில் வைக்கப்படும் கட்டணத்தைத் திரும்பப் பெறச் சொல்லி எந்த வாசலில் நிற்பது?

மிச்சம் இருக்கும் வாசல் கிராம சபைதான். 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டம் தந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடி வந்தது, பிறகு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு ஆனது. வாக்காளர் எல்லோரும் அதன் உறுப்பினர். பெரும்பாலும் ரோடு, தண்ணீர், விளக்கு பேசி முடிந்துவிடும். மைதானம் என்ற வார்த்தை வருவதே அபூர்வம். ஏனென்றால் மைதானத்தில் இருப்பவர்கள் பதினைந்து வயது, கூட்டத்துக்கு வருபவர்கள் ஐம்பது வயது!

என்ன கேட்கலாம்?

மூன்று விஷயம் கேட்டால் போதும்.

ஒன்று, கட்டணம் என்று தீர்மானம் வந்தால் அதோடு ஒரு தாள் இருக்க வேண்டும். வருஷச் செலவு எவ்வளவு, எத்தனை மணி நேரம், ஆளுக்கு எவ்வளவு. மேலே போட்ட கணக்கு மாதிரி பத்து வரி போதும். 

இரண்டு, வசூலான பணம் அதே மைதானத்துக்குத் திரும்ப வர வேண்டும். 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அடிப்படை இதுதானே! சந்தை வசூலோடு கலந்து போனால் அது மைதானக் கட்டணம் இல்லை, விளையாடுகிறவன் மேல் போட்ட வரி.

மூன்று, சாயந்திர நேரத்தில் இத்தனை மணி நேரம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதில் இத்தனை மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு, இலவசமாக என்று எழுதி வைக்க வேண்டும். குத்தகைக்காரர் வந்தாலும் அந்த நேரத்தைத் தொடக் கூடாது. உயர் வகுப்புக்கு ஒரு தொட்டி என்றால் தொழிலாளிக்கு இரண்டு தொட்டி என்று சொன்னார்களே, அந்தக் கணக்குத்தான்.

இதெல்லாம் புரட்சி இல்லை. ஒரு ரசீது புத்தகமும் ஒரு அறிவிப்புப் பலகையும் போதும். சென்னையில் 120 ரூபாய் திரும்பிப் போனது நல்லதுதான். ஆனால் அந்த 9 மைதானங்களின் புல் கிழியும் நாளில் அதே தீர்மானம் வேறு எண்ணோடு திரும்பி வரும். சென்னையில் வராவிட்டால் ஆவடியில் வரும், திருவள்ளூரில் வரும், கும்மிடிப்பூண்டியில் வரும். அன்றைக்குக் கோபத்தோடு சேர்த்துக் கையில் ஒரு கணக்கும் இருந்தால், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் ஊர் மைதானத்தின் வருஷச் செலவு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? அடுத்த கிராம சபையில் கேட்டுப் பாருங்களேன்.